மாப்பிள்ளையின் பிரஷர்

கால்நடை டாக்டரம்மாவுக்கு எரிச்சலில் தலை வெடித்தது. பன்றியின் வாலில் பட்டையைச் சுற்றி எத்தனை தடவை பார்த்தாலும் பிரஷர் இறங்கவே மாட்டேன் என்றது.

மாப்பிள்ளை என்று எல்லாரும் கூப்பிடும் அந்தப் பன்றிக்குச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தறிகெட்டுச் சுரந்து பிரஷரை ஏற்றிவிட்டிருந்தது. வயிற்றைக் கிழிக்காமல், தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூபை விட்டு, அந்தச் சுரப்பியில் துளியளவு இடத்தைச் சுட்டிருந்தார் டியூப் டாக்டர். பிரஷர் இறங்கினால் அடுத்து மனிதர்களுக்குச் செய்து பார்க்கலாம். இந்த வாரமும் இறங்காவிட்டால் மூன்று வருட உழைப்புக்கு மூடுவிழா. இறங்கினாலோ, சுட்ட இடம் எப்படியிருக்கிறது என்று சுரப்பியை எடுத்து வெட்டிப் பார்க்க வேண்டும். அதோடு மாப்பிள்ளை இருக்க மாட்டான். அந்த இடத்துக்கு வந்ததும் அவள் வேறு எதையாவது நினைத்துக்கொள்வாள்.

"உங்க மிஷின்லதான் கோளாறு," என்றார் டியூப் டாக்டர், கதவிடுக்கில் தலையை நீட்டி.

"மிஷினை மூணு தடவ மாத்தியாச்சு. உங்க டியூப் எந்தச் சந்துக்குள்ள போச்சோ, அதைப் பாருங்க சார்."

"எனக்கே பாடமா?"

பட்டையைக் கழற்றக்கூட நிற்காமல் அவரை நடைவழிக்குத் தள்ளிக்கொண்டுபோய்ப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். அவரோ சுவரில் பிரஷர் அளவைக் காட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் பேசுறது காதுல விழுதா?"

"அங்க பாருங்க."

எண்கள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தன. அவள் உள்ளே ஓடினாள். மாப்பிள்ளை எழுந்து அவள் கோட்டுப் பைக்குள் மூக்கை நுழைத்தான். "ஏறுது," என்று வெளியிலிருந்து குரல் வந்தது. வெளியே வந்தாள். இறங்கியது.

கோளாறு மிஷினிலும் இல்லை, டியூபிலும் இல்லை. தினமும் பையில் ஆப்பிள் துண்டோடு போய் நின்ற அவள்தான். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் அவனுக்கு நெஞ்சு படபடத்திருக்கிறது.

எல்லாரும் வந்து கைகுலுக்கினார்கள். மறுநாள் காலை டியூப் டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல், "நீங்க கூப்பிட்டாத்தான் முரண்டு பிடிக்காம வருவான்," என்றார்.

"தெரியும்."

கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, ஆபரேஷன் அறை வாசலில் போய் நின்றாள். கூப்பிட வாய் வரவில்லை. அதற்குள் அவன் குளம்பு தடதடக்க ஓடிவந்து அவள் காலில் முட்டினான்.

"நான் கூப்பிடவே இல்லையேடா," என்று அவனைத் திட்டினாள். "எதுக்குடா ஓடி வர்ற?"