மொக்கைக்கொம்பன் சிலுப்பவில்லை

எங்கள் மிருகப் பூங்காவை மூடிவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்களாம். கோரிப்பாளையத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில், மரநிழலோடு ஓர் இடம் சும்மா கிடந்தால் கமிட்டிக்காரர்களுக்குக் கண் உறுத்தாதா? குரங்குகள் போயின. மயில்கள் போயின. முள்ளம்பன்றியைக்கூட எந்த ஊருக்கோ கூண்டோடு தூக்கிப் போனார்கள். கடைசியாக மிஞ்சியது கடமான் ஜோடி.

அதிலும் வடக்கே உள்ள பெரிய மிருகக்காட்சி சாலைக்குப் பெட்டை மட்டும் போதுமாம். ஆண் மானுக்குக் கால் நொண்டி, ஒரு கொம்பு ஒடிந்தது, யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்களாம். அதற்கு ஊசி போட்டு முடித்துவிடக் கமிட்டி தீர்மானித்தது. மேனேஜர் சிவனாண்டி சார் வந்து, “கஷ்டப்படாமப் போயிரும் தங்கப்பொண்ணு” என்று ஆறுதல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே யார் கஷ்டப்பட்டது? மொக்கைக்கொம்பன் என்று நான் கூப்பிடுகிற அவன் நன்றாகத் தின்கிறான், நன்றாக முறைக்கிறான். குட்டியிலிருந்து தழை போட்டு வளர்த்தவள் நான். வேலியில் மாட்டி அவன் கால் ஒடிந்தபோது மூங்கில் பத்தை வைத்துக் கட்டியவளும் நான்தான்.

லாரி வந்த அன்று மானை ஏற்ற மேலூரிலிருந்து பேச்சிமுத்து தன் ஆட்களோடு வந்திருந்தான். பெட்டையைப் பலகை வழியாக ஏற்றிவிட்டார்கள். கோயம்புத்தூர்க்கார டாக்டர் ஊசியோடு பட்டிக்குள் நுழையப் பார்த்தார். நான் வாசலில் கையை விரித்து நின்றுகொண்டேன்.

“வழிய விடு. உன் வேலை போயிரும், பாத்துக்க” என்றார் மேனேஜர்.

“போகட்டும் சார். இனிமே இங்க எனக்கு என்ன வேலை இருக்கு, எச்சி இலை எடுக்கவா?”

லாரி ஆட்கள் சிரித்துவிட்டார்கள். சாருக்கு முகம் சிவந்துபோனது. “வேற என்னதான் பண்ணச் சொல்ற?” என்று கத்தினார்.

என் வாய் சும்மா இருந்ததா? “உங்க திருவாதவூர்ல சாமிக்கு நேந்துவிட்ட கிடாய வெட்டுறதுக்கு முன்னால, தலையில தண்ணி ஊத்திச் சம்மதம் கேக்குறீங்கல்ல? இவன்கிட்டயும் கேளுங்க. சிலுப்பிச் சம்மதம் சொன்னான்னா நானே பிடிச்சுத் தாரேன்.”

“இம்புட்டுத்தானா? மேல தண்ணி பட்டா எதுதான் சிலுப்பாது?” என்றார் அவர். அங்கேதான் மாட்டிக்கொண்டார். கேட்காமல் வெட்டினால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கேட்டுவிட்டு, சிலுப்பாத கிடாயில் கை வைக்க எங்கள் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் வராது.

ஆனால் எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர் சொன்னது சரிதானே? தண்ணீர் பட்டால் எது சிலுப்பாது? ஆத்திரத்தில் என் பிள்ளையை நானே பிடித்துக் கொடுத்துவிட்டேனே! பயத்தை வெளியே காட்டுவேனா?

“ஊத்து” என்று பட்டி வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டினார் சார்.

“கேக்குறவங்கதான் சார் ஊத்தணும்.”

சார் செருப்பைக் கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. குடத்தைத் தூக்கி, மொக்கைக்கொம்பனின் தலையிலிருந்து முதுகு வரைக்கும் ஊற்றினார்.

அவன் அசையவில்லை. லாரியில் நின்ற பெட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஓர் ஈ வந்து காதில் உட்கார, காது மட்டும் ஆடியது.

“ஆடிருச்சு!” என்றார் டாக்டர்.

“காது ஆடுனாக் கணக்கில்ல சார். தலையும் உடம்பும் சேந்து சிலுப்பணும்” என்றான் பேச்சிமுத்து. அவனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சார் இன்னொரு குடம் ஊற்றினார். அசையவில்லை. சாருடைய உதடு என்னவோ முணுமுணுத்தது. கோயிலில் கிடாயிடம் கெஞ்சுகிற மாதிரியே கெஞ்சினார். நான், டேய், ஆடிராதடா, ஆடிராதடா என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

“இதென்ன கூத்து? நேரமாச்சு, பிடிங்கப்பா” என்றார் டாக்டர். ஒருவனும் நகரவில்லை.

சிவனாண்டி சார் குடத்தைக் கீழே வைத்தார். “சம்மதம் வரல டாக்டர். ஊசிய உள்ள வைங்க” என்றார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், “இதையும் ஏத்துங்கடா” என்றார்.

பேச்சிமுத்துவின் ஆட்கள் நொண்டிக் காலைத் தாங்கிப் பிடித்துப் பலகையில் ஏற்றினார்கள். உள்ளே போய்ப் பெட்டையின் பக்கத்தில் நின்றானோ இல்லையோ, கொம்பிலிருந்து வால் வரைக்கும் ஒரே சிலுப்பு! மேனேஜரின் வெள்ளைச் சட்டை தொப்பலாக நனைந்துபோனது.

“இப்ப சிலுப்பிருச்சே!” என்று டாக்டர் மறுபடியும் பையைத் திறந்தார்.

“இது ஊருக்குப் போறதுக்குச் சொன்ன சம்மதம்!” என்று கத்தியபடி பின்கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை, பார்த்தால் பார்க்கட்டும்.

சார் சட்டையைப் பிழிந்துகொண்டே என்னிடம் வந்தார். “ஏத்தி விட்டாச்சு. அங்க போய் நொண்டி வேண்டாம்னு திருப்பி அனுப்பினா என்ன பண்ணுவ?”

காலியான குடத்தை எடுத்து லாரிக்காரனின் பக்கத்து சீட்டில் வைத்தேன்.

“வேண்டாம்னு சொல்றவங்களும் தண்ணி ஊத்திக் கேக்கட்டும் சார்.”