துரத்தாதே என்றவர்

இரண்டு பேரைத் தாங்கு என்றார் கோச் டிப்ஸ். கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் லவெல் கிட்ரி நான்கு வருடம் தாங்கினான். எதிரணித் தடியர்கள் இருவர் ஒவ்வொரு முறையும் அவன் நெஞ்சில் வந்து மோதுவார்கள். அவன் நடுவில் நட்ட கல்லாக நிற்பான். அவனுக்குப் பின்னாலிருந்து அதே அணியின் டானர், ஒருவர் கையும் மேலே படாமல் பாய்ந்து போய், பந்து வைத்திருப்பவனைச் சாய்ப்பான். கைதட்டல் டானருக்கு. லூயிசியானா முழுக்க டானர் படம் போட்ட பனியன்.

இரண்டாம் வருடத்தில் ஒரே ஒரு முறை லவெல் இடத்தை விட்டுப் பந்தைத் துரத்தினான். அதற்கு டிப்ஸ் அவனை வாந்தி எடுக்கும்வரை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். அப்புறம் அவன் துரத்தவில்லை.

மார்ச்சில் தொழில்முறை அணிகளிலிருந்து ஆள் பொறுக்க வந்தார்கள். அரைக்கால் சட்டையோடு நிற்க வைத்து எடை போட்டார்கள், உள்ளங்கையை அளந்தார்கள், முழங்காலை முறுக்கினார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் பாக்கி. அதையும் லவெல் பொறுத்துக்கொண்டான். தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும் டிராஃப்டில் பெயர் வந்தால் போதும் அவனுக்கு.

வடக்கத்தி அணியிலிருந்து வந்த ப்ரூவிட் என்கிற கிழவர் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"பந்து உன்னத் தாண்டிப் போனா நின்னுடறியே தம்பி, ஏன்?"

"என் வேலையே அதுதான் சார்."

"உங்க கோச் அப்படிச் சொல்லலியே. சோம்பேறி, துரத்த மனசு வராதுன்னாரு."

லவெலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவார்கள் என்பது தெரியும். எய்தவனே அம்பைத் திட்டுவானா? நேரே டிப்ஸின் அறைக்குப் போனான்.

"கோச், நான் சோம்பேறியா?"

டிப்ஸ் எழுந்திருக்கக்கூட இல்லை. "பார்த்ததக் கேட்டாங்க, சொன்னேன். நீ துரத்தலதானே?"

"துரத்தாதேன்னது யாரு?"

"இங்க பாரு தம்பி. அத்தனை பேரை டானர் சாய்ச்சது உன்னாலன்னு நான் சொன்னா, அவன் மவுசு என்ன ஆகும்? அவன் முதல் சுத்துல போகணும். அப்பத்தான் நல்ல பசங்க நம்மகிட்ட வருவாங்க."

ஆட்டப் பதிவுகளை ஆள் பொறுக்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்த அறைக்குள் அன்று எந்த ஆட்டக்காரனும் நுழையக் கூடாது. லவெல் நுழைந்தான்.

"சார், பந்தைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க. என்மேல எத்தனை பேர், டானர்மேல எத்தனை பேர்னு பாருங்க."

ப்ரூவிட் மட்டும் பதிவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். வாசலில் டிப்ஸின் குரல் கேட்டது: "பார்த்தீங்களா, இதத்தான் சொன்னேன். சொன்ன பேச்சு கேக்கமாட்டான்."

சொன்ன பேச்சைக் கேட்டே கெட்டவனுக்கு இப்படியொரு பெயர். அது எல்லா அணிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஏப்ரலில் டானர் முதல் சுற்றிலேயே போனான். தொலைக்காட்சியில் கோச்சுக்கு நன்றி சொன்னான். லவெலின் பெயர் அவன் வாயில் வரவில்லை. சனிக்கிழமை கடைசிச் சுற்று. லவெலின் அம்மா ஓடெட் முற்றத்தில் பெரிய அண்டாவில் கிராஃபிஷ் என்கிற ஆற்று இறால் வேகவைத்து ஊரையே கூப்பிட்டிருந்தாள். சுற்று முடிந்தது. பெயர் வரவில்லை. தட்டில் கொட்டியதை யாரும் தொடவில்லை.

அப்போது போன் அடித்தது. டிப்ஸ்.

"மனசு விட்டுடாத தம்பி. எனக்குத் தெரிஞ்ச அணி ஒண்ணு இருக்கு. உனக்காக ஒரு வார்த்தை சொல்றேன்."

"வேணாம் கோச். இதுவரைக்கும் நீங்க சொன்னதே போதும்."

ஓடெட் அண்டாவை விட்டு ஓடிவந்தாள். "டேய், இருந்த ஒரு வாசலையும் அடைச்சிட்டியேடா."

"அது வாசல் இல்லம்மா. அந்தாளு வழிய மறிச்சு நிக்கிற இடம்."

அவள் பதில் சொல்வதற்குள் மறுபடி அடித்தது. இந்த முறை ப்ரூவிட்.

"உன்னை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன், எங்காளுங்க கேக்கல. பயிற்சி முகாமுக்கு மட்டும் வா. உத்தரவாதம் ஒண்ணும் கிடையாது. பிடிக்கலேன்னா மறுநாளே அனுப்பிடுவாங்க."

"வர்றேன் சார்."

"எங்க கோச் பந்தைத் துரத்தச் சொல்வாரு. முடியுமா?"

"நாலு வருஷத்து ஓட்டம் பாக்கி இருக்கு சார்," என்றான் லவெல்.