பரமேஸ்வரிக்குப் படையல் இல்லை

மண்ணை அள்ளித் தூற்றிச் சபிக்கக்கூட இந்த டென்மார்க் விடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

1988 மார்கழியில், இங்கே இக்காஸ்ட் என்ற ஊரில் இருந்த செல்வரட்ணத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி வந்தது. மனைவி பரமேஸ்வரி செத்துப்போனாள். விசா வந்ததா என்று கேட்கத் தபால் கந்தோருக்குப் போகும் வழியில், சந்தியில் வெடிபட்டு விழுந்திருக்கிறாள். ஒன்றரை வருடமாக அவள் அந்தக் கந்தோர்ப் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அகதியாக ஏற்கப்பட்டவனின் குடும்பம் வந்து சேரலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். தமிழரின் மனுக்களைத் தொடாமல் வையுங்கள் என்பது நீதியமைச்சரின் சொல். சட்டத்தைவிடச் சொல் பெரிதாகிவிட்டது. இதெல்லாம் அப்போது வெளியே தெரியாது. இவன் போய்க் கேட்கும்போதெல்லாம் பொறு, பொறு என்றார்கள். மாடு மாதிரிப் பொறுத்தான். அந்தப் பொறுமையை நினைத்தால் அவனுக்கு அடிவயிறு பற்றி எரியும்.

செய்தி கேட்டதும் வெறுங்காலோடு வெளியே ஓடினான். எங்கள் ஊரில் வயிறெரிந்தவர் செய்வது அதுதானே? இரண்டு கையாலும் மண்ணை அள்ளி, "நீ நாசமாய்ப் போவாய்" என்று காற்றிலே விசுக்க வேண்டும். குனிந்து தோண்டினான். நிலம் உறைந்து கல்லாய்க் கிடந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். மேல்மாடி டெனிஷ்காரி யன்னலைத் திறந்து, ஏதும் தொலைத்துவிட்டாயா என்று கேட்டாள். நல்ல கேள்விதான்.

இதற்கு மேலே ஒரு கொடுமை. பனி கரைகிற நேரத்தில் அனுமதி வந்தது. பரமேஸ்வரி தாராளமாக வந்து கணவனோடு வாழலாமாம்! செத்தவளுக்கு விசா கொடுத்தார்கள், பாழ்படுவார்.

செல்வரட்ணம் தையல் தொழிற்சாலையில் பனியன்களுக்குத் தோள் மூட்டுகிறவன். பக்கத்து மிசினில் மிச்சிகோ. டெனிஷ்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு ஜப்பானிலிருந்து வந்தவள். இரண்டு பேருக்கும் டெனிஷ் நொண்டும், அதனால் நன்றாக விளங்கும். மற்றவர்கள் அவனிடம் கேக் கொண்டுவந்து அனுதாபம் சொன்னார்கள். மிச்சிகோ மட்டும், "அவ கோவத்தோட செத்தாவா?" என்று கேட்டாள்.

"கோவமில்லாமல்? என்ன கேள்வி இது?"

"அப்ப கவனமா இருக்கணும்" என்றாள் அவள்.

சாப்பாட்டு இடைவேளைகளில் அவள் சொல்லித்தான் அவனுக்குக் கமி என்ற சொல் தெரியவந்தது. அவர்களுடைய ஷின்டோ சமயத்தில் தெய்வம் என்றால் நல்லது செய்கிறது மட்டும் என்று இல்லை. மலை, ஆறு, இடி, கிழட்டு மரம், செத்த மனிதர், எதன் முன்னால் நின்றால் உடம்பு சிலிர்க்கிறதோ அது கமி. மரியாதை செய்தால் காக்கும். அசட்டை செய்தால் அடிக்கும். அநியாயமாகச் செத்தவர்களின் ஆவிதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னே மிச்சிசானே என்று ஒரு மந்திரி இருந்தான். படித்தவன். அரண்மனையில் பொறாமைக்காரர் பொய் மூட்டி அவனைத் தூர தேசத்துக்குத் துரத்தினார்கள். ஏங்கியே செத்தான். பிறகு மூட்டிவிட்டவர்கள் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள், கொள்ளைநோய் வந்தது, அரண்மனையிலேயே இடி விழுந்து ஆட்கள் கருகினார்கள். நடுங்கிப்போன அரசசபை செத்தவனுக்குப் பறித்த பதவியைத் திருப்பிக் கொடுத்து, கோயிலும் கட்டியது. இன்றைக்கு அவன் கல்வித் தெய்வம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அவனைத்தான் கும்பிடுகிறார்கள்.

"கும்பிட்டதாலதான் கோவம் ஆறிச்சு" என்று முடித்தாள் மிச்சிகோ.

செல்வரட்ணம் கடித்துக்கொண்டிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்: "கும்பிடாமல் விட்டால்?"

"விட்டா ஆறாது."

அட, இவ்வளவுதானா! செத்தவளுக்குப் படைத்தால் அல்லவா அவள் ஆறுவாள்? படைக்காவிட்டால்? அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சாமிப்படத் தட்டிலிருந்த பரமேஸ்வரியின் படத்தை எடுத்தான். பொட்டைத் துடைத்தான், மாலையைக் கழற்றினான், விளக்கை அணைத்தான். படத்தைச் சமையலறை மேசையில் வெறுமனே சாத்தி வைத்து, "பரமு, ஆறாதை" என்றான். "ஒருத்தனையும் விடாதை."

மறுநாள் இதைக் கேட்டு மிச்சிகோ மிசினை நிறுத்தினாள். "கதையத் தலைகீழாப் பிடிச்சிருக்கே. யாருமே வேணும்னு கமியப் பட்டினி போடமாட்டாங்க." அவன் மிசினை ஓட்டிக்கொண்டே சிரித்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை. திவசம் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இறைத்ததில்லை. சனம் சும்மா இருக்குமா? மனிசிக்கு ஒரு பிடி சோறு படைக்காத கல்நெஞ்சன் என்றார்கள். இன்னொருத்தியில் கண் வைத்திருக்கிறான் என்றும் கதை கட்டினார்கள். எல்லாம் காதில் விழுந்தது, அவன் அசையவில்லை. பரமேஸ்வரியின் தங்கை யோகமலர் தலைநகர்ப் பக்கத்துப் புரொண்பியிலிருந்து தொலைபேசியில் அழுதாள்.

"அத்தான், அக்கா கனவிலை வாறா. வாசல்லை நிண்டு தண்ணி கேக்கிறா."

"குடுக்காதை."

"என்ன கதை கதைக்கிறியள்?"

"பசியோடை கிடக்கட்டும் பிள்ளை. பசிச்சால்தான் கடிப்பாள்."

அவளும் கடித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று அவன் நம்பினான். நீதியமைச்சர் அந்தப் பதவிக் கதிரையைவிட்டு எழும்பினார். அவன் படத்தைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு ஏறிய சபாநாயகர் கதிரையைவிட்டும் இறங்கினார். "ஓம், அப்பிடித்தான்" என்றான். தமிழரின் மனுக்களை முடக்கியது வெளியே வந்து, விசாரணை வைத்தார்கள். "பிடிச்சாச்சு, விடாதை." வேலைக்குப் போகுமுன் கோப்பியைக் குடித்தபடி அவளோடு நாட்டு நடப்புப் பேசுவான். உயிரோடிருந்த காலத்தில்கூட மனிசன் அவளோடு இவ்வளவு பேசியதில்லை.

1993 தையில் விழுந்தது இடி. விசாரணை அறிக்கை வெளிவந்தது, அந்த முடக்கத்தை மறைத்துப் பொய் சொன்னதாக மாட்டிய பிரதமர் பதவி விலகினார், அரசாங்கமே கவிழ்ந்தது. எங்கள் விசயத்தில் பொய் சொன்னதற்காக ஒரு அரசாங்கம் விழுந்தது என்றால் சும்மாவா? இக்காஸ்ட் தமிழர் வீடுகளில் பாயசம் காய்ச்சினார்கள். யோகமலர் ரயிலும் கப்பலும் மாறி மறுநாளே வந்து இறங்கினாள். நேரே சமையலறைக்குள் போய்ச் சோற்றுக்கு உலை வைத்தாள், கறிக்கு வெங்காயம் வெட்டினாள்.

"இனிப் போதும் அத்தான். அக்கா வெண்டிட்டா. இண்டைக்காவது படைப்பம்."

செல்வரட்ணம் படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "என்னத்தை வெண்டவள்? அந்த நீதியமைச்சன் தன்ரை வீட்டிலை இருந்து கோப்பி குடிக்கிறான். அவனுக்கு இவளின்ரை பேராவது தெரியுமோ? இன்னும் குடுக்கமாட்டன். அவன் அலறவேணும்."

யோகமலர் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"ஒண்டு சொல்லப்போறன். அடிக்கிறதெண்டால் அடியுங்கோ. நான் முதல் வருசமே குடுத்திட்டன்."

"என்னத்தை?"

"படையல். எங்கடை பல்கணியிலை. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அக்கா விரும்பிற தயிரும். சாம்பல் காகம் ஒண்டு வந்து வடிவா எடுத்தது. அண்டைக்குப் பிறகு அக்கா கனவிலை வரேல்லை. ஒருக்காலும் வரேல்லை. ஒவ்வொரு வருசமும் குடுத்துக்கொண்டுதான் வாறன்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனி?" அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"என்ரை அக்கா! நான் ஆரைக் கேக்கவேணும்?"

அவன் கதிரையைப் பிடித்துக்கொண்டான். பிறகு சின்னக் குரலில், "அப்ப இவ்வளவு காலமும் இந்தக் குசினிக்குள்ளை என்னோடை இருந்தது ஆர்?" என்று கேட்டான்.

"ஒருத்தரும் இல்லை அத்தான். நீங்கள் தனியத்தான் இருந்தனீங்கள்."

"அப்ப அரசாங்கத்தை விழுத்தினது?"

"வழக்கறிஞர்மார். பேப்பர்காரர். எங்கடை சனமும் அவையிட்டைப் போய் வாய் திறந்து சொன்னது. உங்களையும் வந்து கூப்பிட்டவையெல்லோ? நீங்கள் கதவைச் சாத்தினியள்."

சாத்தினான்தான். ஒரு வழக்கறிஞர் அம்மா வாசலில் நின்று, உன் மனைவியின் கதையைச் சொல்வாயா என்று கெஞ்சினாள். பரமு பார்த்துக்கொள்வாள், இவர்கள் என்ன கிழிக்கப்போகிறார்கள் என்று அனுப்பிவிட்டான். ஒரு நாடே விசாரித்த விசயத்தில் பரமேஸ்வரி என்று ஒரு பெயர் எங்கும் இல்லை. அதை இல்லாமற் செய்தது அமைச்சர் இல்லை, இவன்.

அவள் செத்துப்போனாள் என்ற செய்தி அன்றைக்குத்தான் அவனுக்கு வந்து சேர்ந்தது. மேசையில் தலையை வைத்து, மூக்கு வழிய, குழந்தை மாதிரிக் குழறி அழுதான். யோகமலர் தடுக்கவில்லை. அழுகை ஓய்ந்ததும் முகத்தைச் சட்டையால் துடைத்தான். கண் சிவந்து, பார்க்கப் பயமாக இருந்தது.

"அந்த அமைச்சனைத் தனியக் கோட்டுக் கூண்டிலை ஏத்தப்போகினமாம் எண்டு கதைக்கினம். மெய்யோ?"

"ஓம், அப்பிடித்தான் சொல்லுகினம். ஆனால் வருசக்கணக்கிலை இழுபடுமாம்."

"இழுபடட்டும். அவள் ஆறினால் ஆறட்டும், பாவி, நல்லாய் நித்திரை கொள்ளட்டும். நான் ஆறேல்லை. ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டு வாசல்லை போய் நிப்பன். அவன் ஏறேக்கையும் இறங்கேக்கையும் அவளின்ரை பேரைச் சொல்லுவன், அவனுக்குப் பாடமாகுமட்டும்." கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சோத்தைப் போடு, மலர். எனக்கு இன்னும் கனகாலம் உயிர் வேணும்."