நாலாவது சோடி

வாரத்தில் இரண்டு நாள் நான் தம்பலகாமம் குடாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போவேன். ஆறு இடங்களில் போத்தலில் நீர் பிடிக்க வேண்டும். உப்பையும் வெப்பத்தையும் அளந்து கொப்பியில் எழுத வேண்டும். பட்டம் முடித்த பிறகு கிடைத்த முதல் வேலை, ஆறு மாத ஒப்பந்தம்.

வரைபடத்தில் குடா என்று போட்டிருந்தாலும் அது ஏரி போலத்தான். கிண்ணியாப் பக்கத்து வாயைத் தவிர சுற்றிவரத் தரை. ஆழமும் அதிகம் இல்லை. அதனால்தான் அதை நம்ப முடியாது. ஆழம் குறைந்த நீரில் காற்று ஏறினால் பத்து நிமிடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். சின்னப் படகுக்கு அந்த அலைதான் ஆகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து புழுதியும் வந்தால் எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் போய்விடும்.

அதனால் அலுவலகத்தில் ஒரு படிவம் தந்திருந்தார்கள். மிதவை அங்கி, நங்கூரம், உபரி எண்ணெய், போனுக்குப் பொலித்தீன் பை என்று பதினொரு வரிகள். கடைசி வரி: எத்தனை பேர் போகிறோம் என்று கரையில் ஒருவருக்குத் தெரிவித்தாயிற்று.

அந்த வரிக்கு இறங்குதுறையில் வேறு முறை இருந்தது. படகில் ஏறுகிறவர் செருப்பைக் கழற்றி, முனை தண்ணீரைப் பார்க்கும்படி சீமெந்துக் கட்டின் மேல் வைத்துவிட்டு ஏறுவார். திரும்பி வந்ததும் போட்டுக்கொண்டு போவார். கட்டுக்குப் பக்கத்தில் ஸாலிஹாவின் தேத்தண்ணிக் கடை. எந்தச் செருப்பு நெடுநேரம் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். காலநிலை கெட்டால் மீனவர் அன்ஸாரின் படகை அனுப்புவார். கட்டில் எத்தனை சோடியோ அத்தனை பேரைக் கொண்டுவரும் வரை தேடுவார்கள். அதற்கு மேல் தேடமாட்டார்கள்.

அன்று அன்புவழிபுரத்திலிருந்து வரும்போதே என் வலது செருப்பின் வார் அறுந்துவிட்டது. சட்டைப்பின் ஒன்றைக் குத்தி இழுத்துக்கொண்டு நடந்தேன். கடை வாங்கில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் செருப்பை அவர்களுக்கு முன்னால் வைக்க என்னால் முடியவில்லை. போனுக்கு வைத்திருந்த பொலித்தீன் பைக்குள் செருப்பைச் சுற்றி என் பைக்குள் வைத்தேன். கட்டில் படகோட்டி பஹ்மியின் கறுப்புச் செருப்பு மட்டும் இருந்தது. அவன் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை.

படிவத்தின் கடைசி வரியிலும் சரி போட்டேன்.

பஹ்மிக்கு என் வயதுதான் இருக்கும். படகு பதினாறு அடி ஃபைபர்.

“இந்த அங்கியப் போட்டா மீனெல்லாம் சிரிக்கும் மிஸ்,” என்றான்.

“நீங்கள் போடாட்டி நான் வரேல்ல.”

“பேசாத மிஸ் பேசினா அது ஓடர்தான்.” போட்டுக்கொண்டான்.

ஐந்தாவது இடத்தில் போத்தலை இறக்கும்போது காற்று நின்றது. நீர் அசையாமல் கிடந்தது. கொக்குகள் ஒன்றும் இல்லை. மேற்கு வானம் மணல் நிறமாகியிருந்தது.

“எடுத்தது போதும். போவம்,” என்றான் பஹ்மி. பகிடி இல்லாத குரல்.

படகைத் திருப்பி ஐந்து நிமிடம் ஆகவில்லை, எஞ்சின் இழுபட்டு நின்றது. எவரோ விட்ட நைலோன் வலை விசிறியில் சுற்றியிருந்தது. அவன் எஞ்சினைத் தூக்கி வலையை வெட்டினான். எஞ்சின் திரும்ப ஓடியது, விசிறி சுற்றவில்லை. உள்ளே இருக்கும் சின்ன ஆணி முறிந்திருந்தது. மாற்று ஆணி இல்லை. படிவத்தில் அதற்கு வரியும் இல்லை.

பிறகு காற்று வந்தது. முதல் அலையே படகுக்குள் விழுந்து இரண்டு போன்களையும் நனைத்தது. என் செருப்பு மட்டும் பொலித்தீனுக்குள் காய்ந்திருந்தது. நங்கூரம் சேற்றில் பிடித்தும் பிடிக்காமலும் இழுபட்டது. நான் தகர வாளியால் தண்ணீர் இறைத்தேன். பஹ்மி துடுப்பால் படகின் முகத்தை அலைக்குக் காட்டிக்கொண்டிருந்தான். கரை நாலு பக்கமும் மறைந்துவிட்டது.

பகல் ஒரு மணி போல் காற்று தணிந்தது. புழுதி போகவில்லை. ஒரு படகு நீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

“ஸாலிஹா ராத்தா செருப்பப் பாத்திருப்பா,” என்றான் பஹ்மி. “ரெண்டு சோடி கிடக்குதானே. ஆள் வரும்.”

நான் செருப்பு இருந்த பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினேன்.

வாளியால் படகின் விளிம்பில் மூன்று தரம் தட்டினேன். சற்றுப் பொறுத்து இடது பக்கத்திலிருந்து மூன்று தரம் கேட்டது.

“வந்திட்டானுகள்,” என்றான்.

திரும்பத் தட்டினேன். திரும்பக் கேட்டது, அதே தூரத்தில். பழக்கத்தில் திசைகாட்டியைப் பார்த்து எழுதினேன்: ஒன்று நாற்பது, இருநூற்றுப் பத்துப் பாகை. நனைந்தாலும் ஓடும் அலுவலக ஜி.பி.எஸ். கருவி காட்டிய இடத்தையும் எழுதினேன். நாலாவது முறை கை நொந்து இரண்டோடு நிறுத்தினேன். அங்கிருந்து மூன்று கேட்டது.

பஹ்மி என்னைப் பார்த்தான். பிறகு வாளியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான்.

எஞ்சின் சத்தம் வலது பக்கத்திலிருந்துதான் வந்தது. அன்ஸார் கயிறு எறிந்தார். “ரெண்டு பேரும் இருக்கீங்கதானே? அப்ப சரி,” என்று மட்டும் சொன்னார். கரைக்கு வர ஒரு மணி நேரம் ஆனது.

அன்ஸார் முதலில் இறங்கித் தன் செருப்பைப் போட்டுக்கொண்டார். பஹ்மி தன்னுடையதைப் போட்டான். ஸாலிஹா கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

“செருப்பப் போட்டுக்கிட்டு வாங்க மகள். தேத்தண்ணி ஊத்திட்டன்.”

கட்டில் ஒரு சோடி மீதி இருந்தது. மண்ணிறம், பெண்கள் போடுவது, முனை தண்ணீரைப் பார்த்தபடி. குதி தேய்ந்திருந்தது. உள்ளே உப்புப் பூத்திருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கில் இருந்த ஆண்களும்தான். போட்டிருந்தால் எனக்கு அளவாக இருந்திருக்கும். போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்திருக்கலாம். கணக்குச் சரியாக இருந்தது.

“அது என்ர இல்லை,” என்றேன்.

எவருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். பையைத் திறந்து, பொலித்தீனை அவிழ்த்து, சட்டைப்பின் குத்திய செருப்பை வெளியே எடுத்தேன். “இதுதான் என்ர. வார் அறுந்து போச்சு. வைக்க வெக்கமா இருந்தது. நான் ஒளிச்சனான்.”

எவரும் சிரிக்கவில்லை. ஸாலிஹா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“நான் மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து பாக்கக்குள்ள ரெண்டு சோடி கிடந்திச்சி. ஒங்கடதெண்டுதான் நெனச்சன். அப்ப இது ஆர்ட?”

“வள்ளம் எல்லாம் கரையிலதான் நிக்கி,” என்றார் அன்ஸார். “நானும் எண்ணிட்டுத்தான் போன.”

“ஆரும் மறந்து வெச்சிட்டுப் போயிருப்பாங்க,” என்றார் வாங்கில் ஒருவர்.

“தண்ணிப் பக்கமாத் திருப்பி வெச்சிட்டா மறந்து போவாங்க?” என்றார் ஸாலிஹா.

நான் அன்ஸாரைக் கேட்டேன். “வரேக்க நீங்கள் வள்ளத்தில தட்டினீங்களோ?”

“நான் எதுக்குத் தட்ட? எஞ்சின்ல வந்த.”

“அது எதிரொலி,” என்றான் பஹ்மி. ஆனால் என்னைப் பார்க்காமல் சொன்னான்.

எதிரொலிக்கு ஒலி மோத ஏதாவது வேண்டும். அங்கே தட்டையான தண்ணீரும் புழுதியும்தான் இருந்தன. இரண்டு தட்டினால் எதிரொலியும் இரண்டுதான் தட்டும். அது அவனுக்கும் தெரியும்.

அன்ஸார் குடாவைப் பார்த்தார். புழுதி மஞ்சளாக அப்படியே நின்றது. “மஃரிபுக்குப் பாங்கு சொல்லி இருட்ட மூணு மணித்தியாலம் இரிக்கி. எங்க எண்டு தேடுற? இந்தப் புழுதிக்குள்ள போனா நானும் வரமாட்டன்.”

கொப்பி ஈரமாக இருந்தது. பென்சிலால் எழுதியிருந்ததால் அழியவில்லை. அவரிடம் காட்டினேன். “இது நாங்கள் நிண்ட இடம். சத்தம் இந்தப் பக்கமா வந்தது. கிட்ட வரேல்ல, தூரப் போகவும் இல்லை.”

அவர் எழுத்தை நெடுநேரம் பார்த்தார். “இதப் பாத்துப் போக எனக்கு ஏலா.”

“எனக்கு ஏலும்,” என்றேன்.

பஹ்மி பக்கத்து எஞ்சின் கடையிலிருந்து உபரி ஆணி இரண்டு வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டான். அன்ஸார் தன் படகுக்கு எண்ணெய் ஊற்றினார். மூன்று அங்கிகளை ஏற்றினோம். சற்று யோசித்து வாங்கில் கிடந்த இன்னொன்றையும் எடுத்துப் போட்டேன்.

அன்ஸார் செருப்பைக் கழற்றி வைத்தார். பஹ்மி வைத்தான். நான் என்னுடையதை அந்த மண்ணிறச் சோடிக்குப் பக்கத்தில் வைத்தேன், முனை தண்ணீரைப் பார்க்க. சட்டைப்பின் வெயிலில் மின்னியது. வாங்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

ஸாலிஹா விரலால் சுட்டி எண்ணினார்.

“நாலு சோடி,” என்றார். “நாலு பேரும் வாங்க.”

கரை மறைந்தது. நான் ஜி.பி.எஸ்ஸைப் பார்த்து வழி சொன்னேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. எழுதிய இடம் வந்ததும் கையைக் காட்டினேன், அன்ஸார் எஞ்சினை நிறுத்தினார். தண்ணீர் அசையவில்லை.

வாளியை எடுத்து இரண்டு தரம் தட்டினேன். மூவரும் இடது பக்கமாகக் காது கொடுத்தோம்.

அங்கிருந்து கேட்டது: ஒன்று. இரண்டு.

மூன்றாவது மிகக் கிட்டக் கேட்டது, எங்கள் படகின் அடியில்.