கயிற்றைப் பிடித்தவன்

வெண்ணந்தூருக்குக் கிழக்கே கயல்விழிக்கு மரவள்ளிக் காடு இருந்தது. காட்டின் நடுவே தண்ணீர் வற்றிப்போன ஒரு போர்வெல். கல்யாணமான வருஷம் அவள் கணவன் அன்பு தன் துளை போடும் ரிக் வண்டியைக் கொண்டுவந்து போட்டது. அவனும் அவளுடைய அத்தை மகன் சபரிநாதனும் கூட்டாக வைத்திருந்த வண்டி அது.

மாசியில் அன்பு செத்துப்போனான். போர் போடப் போயிருந்த மத்தியப் பிரதேசத்தில் ரிக்கின் டவர்மேல் ஏறியபோது தவறி விழுந்துவிட்டான் என்று சொல்லிச் சபரிநாதன்தான் உடலைக் கொண்டுவந்தான். "கயிறு கட்டிக்கடான்னு சொன்னேன், கேக்கவே இல்லீங்க" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதான். எல்லோரும் நம்பினார்கள். கயல்விழியும் நம்பினாள்.

ஆடியில் ஒரு மத்தியானம் அவள் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது போர் பக்கமிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். இரும்பு மூடியின் இடுக்கிலிருந்து சூடான காற்று வந்தது. காற்றோடு அன்பின் குரலும் வந்தது.

"சபரி, கயித்த உட்டுறாதடா. வேண்டாண்டா சபரி."

அவள் அலறவில்லை. மூடிமேல் கன்னத்தை வைத்துப் படுத்தாள். "மாமா, நான் இங்கதான் இருக்கறேன்" என்றாள். அதே வார்த்தைகள்தான் திரும்பவும் வந்தன.

கயிறே கட்டவில்லை என்றல்லவா சபரி சொன்னான்?

சபரிநாதன் முன்பு அவளைப் பெண் கேட்டவன். அவள்தான் அன்பைக் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றாள். போன வாரம்கூட அவன் அம்மா வசந்தாமணி வந்து, "உன்னையவே நெனச்சுட்டு எவளையும் கட்டாம இருக்கறான் சாமி. நீயும் எத்தன நாளைக்குத் தனியா இருப்ப?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது இப்போதுதான் கயல்விழிக்குப் புரிந்தது.

அன்பின் தம்பி வளவனைக் கூட்டிவந்து கேட்க வைத்தாள். அவன் வரப்பிலேயே குந்திவிட்டான். "போலீசுல சொன்னா சிரிப்பாங்க அண்ணி" என்றான்.

"சொல்ல வேண்டியவன் வாயால சொல்ல வெக்கறேன் பாரு."

அத்தைக்குச் சொல்லி அனுப்பினாள்: எனக்குச் சம்மதம். அதற்கு முன்னால் காட்டுக்குத் தண்ணீர் வேண்டும், சபரி மாமனே வந்து பழைய போரை ஆழப்படுத்தித் தரட்டும்.

ரிக் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு சபரிநாதனும் வந்தான். வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. கூட்டத்தில் வளவன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். மூடியைக் கழற்றி, ராடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். வெள்ளைப் புழுதி கிளம்பியது. திடீரென்று இன்ஜின் தானாக நின்றது.

அந்த அமைதியில் குரல் மேலே வந்தது. "சபரி, கயித்த உட்டுறாதடா."

வேலையாட்கள் காட்டுக்குள் சிதறி ஓடினார்கள். ஓடப் பார்த்த சபரிநாதனின் சட்டையைக் கயல்விழி பிடித்துக்கொண்டாள்.

"கூப்படறாருல்ல? பதில் சொல்லு."

"நான் உடவே இல்ல கயலு... வழுக்கிருச்சு..."

"கயிறே இல்லீனியே மாமா, அப்புறம் எது வழுக்குச்சு?"

அவன் காதைப் பொத்தினான். பொத்தியும் கேட்டது போலும். முழங்காலிட்டு விழுந்தான்.

"மேல தொங்கிட்டு உன்னப் பத்தியே பேசிட்டிருந்தான். ஊட்டுக்குப் போனா கயலு கறிக்கொழம்பு வெப்பாள்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பப் பாத்துட்டு உட்டுட்டேன். நாந்தான் உட்டேன். போதுமா? நிறுத்தச் சொல்லு அவன!"

கூட்டமே கேட்டது. ஓடிப்போன வேலையாட்களில் இருவர், அன்பு விழுந்த அன்றைக்கு அவன் கையில் கயிறு இருந்ததைப் பார்த்தோம் என்று பிறகு போலீசில் சொன்னார்கள். சபரிநாதனைச் சேலம் சிறையில் அடைத்தார்கள்.

கார்த்திகையில் வசந்தாமணி காட்டுக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"அவன் தூங்கறதே இல்ல சாமி. செயில்ல குழாயத் தொறந்தாக்கூட அன்பு கூப்படறான்ங்கறான். போரக் காங்கிரீட் போட்டு மூடீட்டா நின்னு போயிருமாம். பூசாரி சொல்றாரு. உன்ற கால்ல உழுகறேன்."

"ஆயுசுக்கும் கேக்கட்டுங்கத்தை."

வளவன் ஏற்கனவே போரை மூட ஒரு சிமெண்டு மூட்டையை வாங்கி வந்து வரப்பில் வைத்திருந்தான். அத்தை அழுதுகொண்டே போன பிறகு மெதுவாகச் சொன்னான்: "அவனுக்காக இல்ல அண்ணி. அண்ணன் தெனமும் அந்தக் கயித்துலயே தொங்கிட்டிருக்கறான். எறங்கிப் போவட்டுமே."

அது அவளுக்குத் தெரியாததல்ல. அந்தக் குரலில் ஒருநாளும் பயம் குறைந்ததில்லை. ஒவ்வொரு மத்தியானமும் அவன் புதிதாகச் சாகிறான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூடிவிட்டால் சபரிநாதன் தூங்குவான். அவளுக்கு அன்பு இல்லாமல் போவான்.

"சபரி செத்ததுக்கப்பறம் மூடிக்கலாம்" என்றாள்.

"அண்ணி..."

அவள் கருக்கரிவாளை எடுத்து மூட்டையைக் கிழித்தாள். குடத்துத் தண்ணீர் முழுவதையும் அதன்மேல் கவிழ்த்தாள். சாம்பல் நிறக் கூழ் வரப்பில் வழிந்து இறுகத் தொடங்கியது. வளவன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான்.