மிதிகட்டைக்கு ஒரு மெத்தை

எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு மெத்தை தைத்துப் போட்டால் என்ன என்றுதான் இன்னாசிமுத்துவுக்குத் தோன்றும். தொழில் அப்படி. திருக்கோகர்ணத்தில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் சீட் தைப்பது அவன் வேலை. தேங்காய் நாரைத் திணித்து, ரெக்சினை இழுத்துப் பிடித்து அவன் ஆணி அடித்த சீட்டில் உட்கார்ந்தவர்கள், இறங்க வேண்டிய ஊர் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் தூங்குவார்கள் என்று பட்டறையில் கேலி பேசுவார்கள். கேலிதான் என்றாலும் அதில் அவனுக்குப் பெருமை உண்டு. வாரம் முழுக்க அங்கே கிடந்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து ஆவூர் வந்து சேருவான். ஆவூரில் அடைக்கலமேரி இருந்தாள்.

அடைக்கலமேரி அவன் மனைவி. ஊர்க் கோயிலில் கால் ஆர்மோனியம் வாசிப்பவள். ஒரு கையால் துருத்தி போட்டுக்கொண்டு மறுகையால் வாசிக்கிற சின்னப் பெட்டி இல்லை அது. மேசை உயரம் இருக்கும். கீழே இரண்டு மிதிகட்டைகள். மாற்றி மாற்றி மிதித்தால்தான் உள்ளே காற்று ஏறும், காற்று ஏறினால்தான் சத்தம் வரும். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கப்பலில் வரவழைத்தது. கன்னியாஸ்திரீகளிடம் படிக்கும்போது மேரி அதைக் கற்றுக்கொண்டாள். கற்ற நாளிலிருந்து அதன் முன்னால் உட்காருகிற பலகையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இன்னாசி அவளைக் கட்டியதே அதனால்தான். உறவுக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் பூசைக்குப் போனான். அந்தச் சத்தத்தைக் கேட்டு, வாசிப்பது யாரென்று தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும், ஆண்கள் பக்கத்துத் தூணோரம் நின்று அவன் எட்டிப் பார்ப்பது நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் மேரி உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவாள். மிதிகட்டை இரண்டிலும் குறுக்கே இரும்புப் பட்டைகள் வரிவரியாக அடித்திருந்தன. வெறுங்காலால் மிதித்து மிதித்து உள்ளங்காலில் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவதுதான் அந்தக் கோயிலில் எல்லாருக்கும் வழக்கம். பங்குச் சாமியார் இரக்கப்பட்டு, நீ மட்டும் செருப்புப் போட்டுக்கொள்ளம்மா என்று சொல்லிப் பார்த்தார். மாதாவுக்கு முன்னால் தனக்குக் கூச்சமாக இருக்கும் என்று இவள் மறுத்துவிட்டாள். தவிர, செருப்பு மாட்டிக்கொண்டால் கட்டை எங்கே இருக்கிறது, காற்று எவ்வளவு இருக்கிறது என்று காலுக்குத் தெரியாமல் போய்விடுமாம்.

அந்த ஐம்பத்தேழாம் வருஷம் மாதா திருநாளுக்கு மேற்றிராணியார், அதாவது பிஷப், வருவதாக முடிவானது. பெரிய பூசை, நீளமான பாட்டுகள். மேரியின் காலை நினைத்ததும் இன்னாசிக்குக் கை துறுதுறுவென்றது. எந்த விஷயத்தில் அவன் கெட்டிக்காரனோ அந்த விஷயத்திலேயே மாட்டிக்கொண்டான், பாவம். புது நார் குத்தும். பழைய சீட்டிலிருந்து பிரித்த நார் என்றால் நூறு ஊர் ஜனங்கள் உட்கார்ந்து பதப்படுத்தியது, பஞ்சு மாதிரி இருக்கும் என்று கணக்குப் போட்டான். அப்படிப் பிரித்த நாரை வைத்து, பச்சை ரெக்சினில் இரண்டு குட்டி மெத்தைகள் தைத்தான். திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு முன்பே போய் மிதிகட்டைகளில் கட்டிவிட்டு, மாப்பிள்ளை மாதிரி தூணோரம் வந்து நின்றான்.

முதல் பாட்டு சுகமாகத்தான் போனது. இரண்டாவது பாட்டின் நடுவில் ஆர்மோனியம் ஒரு விக்கல் விக்கியது. மேரி வாசிப்பை நிறுத்தவில்லை. பூசை முடிந்து அவள் எழுந்தபோதுதான் பச்சை ரெக்சினில் ரத்தம் தெரிந்தது. பழைய சீட்டு நாரோடு ஒடிந்த ஸ்பிரிங் கம்பித் துண்டு ஒன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. அவள் அமுக்க அமுக்க அது நாரைத் துளைத்து மேலே ஏறி, இடது உள்ளங்காலில் இறங்கிவிட்டது.

இன்னாசிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெத்தைகளைப் பிய்த்தெறிந்துவிட்டு, அவளைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே கம்பவுண்டரிடம் போனான். வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தான். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு மனசு ஆறியிருக்கும். அவளோ, மெத்தை மெத்தென்றுதான் இருந்தது என்று அவனுக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

புண் வீங்கிவிட்டது. புதன்கிழமை சாமியார் வீட்டுக்கு வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மேற்றிராணியார் முன்னால் பாட்டு பாதியில் நின்றால் அவருக்கல்லவா தலைகுனிவு. திருச்சியிலிருந்து ஆர்மோனியம் தெரிந்த ஒரு வாத்தியாரை வரச் சொல்லியிருப்பதாகவும், முடிந்தால் மேரி வாசிக்கட்டும், முடியாவிட்டால் அவர் உட்காருவார் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆவூர்ப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றலாகி வருகிற ஆள் அந்த வாத்தியார். ஒரு தரம் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க மாட்டார் என்பது மேரிக்குத் தெரியும். சனிக்கிழமை இன்னாசி வந்தபோது அதை அவனிடம் சொல்லி, முதல் தடவையாக அழுதாள். ஊரில் எத்தனையோ மேரிகள் இருக்கிறார்கள், பெட்டி வாசிக்கிற மேரி என்றால் தான் ஒருத்திதான், அந்தப் பலகையும் போய்விட்டால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கால் வலி தாங்கும் என்றும் சொன்னாள். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

திருநாளன்று கோயில் நிரம்பி வழிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்தில் முன்னால் ஆர்மோனியம். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் திருச்சி வாத்தியார், பளபளக்கும் பூட்ஸோடு. வெளியூர்க்காரர் என்பதால் யாரும் கழற்றச் சொல்லவில்லை. மேரி வலது காலை மட்டும் வைத்து மிதித்தாள். மேற்றிராணியார் நடந்து வரும்போது பாடிய பாட்டு எப்படியோ கரை சேர்ந்தது. அடுத்த பாட்டில் சத்தம் மெலிந்தது, ஏறியது, மறுபடி மெலிந்து இழுத்தது. மேரி பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலையும் வைத்தாள். அவள் முகம் போன போக்கைத் தூணோரம் நின்றவன் பார்த்துவிட்டான். சாமியார் திரும்பி, வாத்தியாரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். வாத்தியார் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

அவருக்கு முன்னால் இன்னாசி நடந்துவிட்டான். ஆண்கள் பக்கத்திலிருந்து நடுவழியைத் தாண்டி, அத்தனை பெண்களும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பார்க்கப் பார்க்க, பெண்கள் பக்கம் போனான். ஜனங்கள் கூடியிருக்கும்போது, கல்யாணத்தன்றுகூட, அவன் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. ஆர்மோனியத்தின் பக்கவாட்டில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கால்களை மெல்ல ஒதுக்கிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மிதிகட்டைகளின் மேல் வைத்து அமுக்கினான். பெண்டாட்டி காலடியில் ஒரு ஆம்பிளை உட்கார்ந்ததைப் பார்த்துப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் காதில் அது விழுந்தது, ஆனால் மனசில் விழவில்லை.

வாத்தியார் பாதி வழியில் நின்றார்.

காற்று வந்தது. வந்தது என்ன, முரட்டுத்தனமாக வந்தது. சீட்டுக்கு நார் திணிக்கிற கை அல்லவா. ஆர்மோனியம் அலறியது, ஓய்ந்தது, மறுபடி அலறியது. பாடுகிறவர்கள் திணறினார்கள். மேரியின் இரண்டு கைகளும் மேலே சுரக்கட்டைகளில் இருந்தன, வாயில் பாட்டு இருந்தது. மெல்ல என்று சொல்ல அவளுக்கு மிச்சமிருந்தது வலது கால் மட்டும்தான். அந்தக் காலை அவள் தூக்கினாள். தூக்கிய காலைக் கீழே வைக்க மாட்டாமல் தயங்கினாள். வீட்டில் பாயைத் தாண்டும்போது கால் விரல் அவன் மேல் பட்டுவிட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். கோயிலில், ஊர் பார்க்க, புருஷன் கைமேல் காலை வைப்பதா?

அந்தக் கால் அந்தரத்தில் நிற்பதை இன்னாசி பார்த்தான். எதற்கு நிற்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

"மிதி மேரி," என்றான் தலையை நிமிர்த்தாமல்.

அவள் வைத்தாள். பூ வைக்கிற மாதிரி வைத்தாள். அப்புறம் கால் சொன்னது, கை கேட்டது. எங்கே மெதுவாக, எங்கே ஓங்கி, மூச்சு வாங்குகிற இடத்தில் எப்படி விட்டுப் பிடிப்பது என்று அவன் கை கற்றுக்கொண்டது. சத்தம் சீராகி, பெரிதாகி, கோயில் முழுக்கப் பரவியது. பின்வரிசைச் சிரிப்பும் பாட்டில் சேர்ந்துகொண்டது. திருச்சி வாத்தியார் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

பெரிய பூசை என்றால் சும்மாவா? ஜனங்கள் வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கி முடிக்கிற வரைக்கும் பாட வேண்டும். போகப்போக இரும்புப் பட்டைகள் இன்னாசியின் உள்ளங்கையில் இறங்கின. ஊசியும் ஆணியும் பழகிய தோலுக்கே எரிந்தது. இதிலா இவள் வாரம் தவறாமல் மிதித்தாள் என்று நினைத்தபோது அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் தட்டுப்பட்டது. கையை ஒரு விரற்கடை நகர்த்திப் பட்டைக்கும் பட்டைக்கும் இடையில் அமுக்கினால், அங்கே வெறும் மரம். தேய்ந்து, வழவழவென்று, கைக்கு இதமாக இருந்தது. உள்ளே நார் வேண்டாம், மேலே ரெக்சின் வேண்டாம். இத்தனை நாள் அதன் மேல் எதைப் போடலாம் என்று யோசித்தானே தவிர, எதை எடுக்கலாம் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பூசை முடிந்து மேற்றிராணியார் வெளியே போனதும் மேரி முதல் வேலையாகக் குனிந்து அவன் கைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்த்தாள். உள்ளங்கையில் வரிவரியாகச் சிவந்திருந்ததைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். சாமியார் வந்தார், அவருக்குப் பின்னால் வாத்தியாரும். இன்னாசி எழுந்து, சாமியாரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றான்.

"இந்த இரும்புப் பட்டையெல்லாம் கழட்டிரட்டுமா சாமி? மரத்த மட்டும் இழைச்சு விட்டுர்றேன். புண்ணு ஆறினதும் அவளே மிதிப்பா. அதுவரைக்கும் ஞாயித்துக்கிழம நான் வந்து அமுக்குறேன்."

சாமியார் குனிந்து மிதிகட்டைகளைப் பார்த்தார். பட்டை அடித்ததற்குக் காரணம் இருக்கிறது என்றார். வெள்ளைக்காரச் சாமியார்கள் பூட்ஸ் காலோடு வாசித்தவர்கள்; வெறும் மரத்தில் பூட்ஸ் வழுக்கும். பட்டையைக் கழற்றிவிட்டால் பூட்ஸ் காலோடு வாசித்துப் பழகிய யாரும் இதில் வாசிக்க முடியாது. சொல்லிவிட்டு அவர் வாத்தியாரின் கால்களைப் பார்த்தார். பிறகு, இடது காலைத் தரையில் ஊன்றாமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற மேரியைப் பார்த்தார்.

"கழட்டிருப்பா," என்றார் சாமியார்.