தூண் பக்கத்துக் கேள்வி

ஏலம் விடுகிறவர்களுக்கான இரண்டு நாள் பயிற்சிக்குத் தங்கையை அனுப்பும்போது அக்கா மூன்று விஷயங்களைச் சொன்னாள். தொண்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு வேளையில் தெரிந்த முகங்களோடு ஒட்டிக்கொள்ளாமல் தெரியாத முகங்களோடு உட்கார வேண்டும். வக்கீலிடம் பேசாமல் திரும்பி வரவே கூடாது.

மூன்றாவதற்காகத்தான் முதல் இரண்டும். அந்த வக்கீல், இறந்துபோனவர்களின் வீட்டுச் சாமான்களை வாரிசுகள் சார்பில் விற்றுக் கொடுப்பவர். அந்த மாதம் அவர் பொறுப்பில் ஒரு டாக்டர் வீடு இருந்தது. பன்னிரண்டு அறை, மாடி முழுக்கப் புத்தகம், கண்ணாடி அலமாரி மட்டுமே ஒன்பது. யாருடைய ஏலக்கூடத்துக்குக் கொடுப்பது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. ஏலம் விடுகிறவர்களைப் பார்க்கப் பயிற்சிக்கு அவரும் வருவார், இரண்டாம் நாள் முடிவதற்குள் சொல்லிவிடுவார் என்று பேச்சு.

அக்காவும் தங்கையும் நடத்தும் கூடத்துக்கு நாலு மாதமாக உருப்படியான சரக்கு வரவில்லை. கால் ஆடும் நாற்காலியும் கதவு சாத்தாத பீரோவும் வந்தன. சுமை இறக்கும் இரண்டு ஆட்களில் ஒருவரை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியாயிற்று. டாக்டர் வீடு கிடைத்தால் கூடம் நிலைக்கும், இல்லாவிட்டால் நல்ல பூட்டாக ஒன்று வாங்க வேண்டியதுதான் என்று அக்கா சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அக்காவுக்கு வேலை முன்னறையில். வருகிறவர்களின் பெயர், விலாசம் எழுதிக்கொண்டு எண் அட்டை கொடுப்பாள். முடிந்ததும் ரசீது போடுவாள். உள்ளே ஏலம் விடுவது தங்கை. அவளுடைய குரலுக்காகத் தொழிலில் அவளை வெண்கலம் என்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தபடி அந்தக் குரலைக் காதால் கேட்டே பதினெட்டு வருடம் ஓட்டியவள் அக்கா. "எங்க பாப்பா மேடை ஏறினா போட்டி போட்டுக்கிட்டுக் கேப்பாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். பாப்பாவுக்கு வயது ஐம்பத்தொன்று.

முதல் நாள் நன்றாகவே போயிற்று. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். மூச்சு பிடிப்பது எப்படி, எண்களை உளறாமல் ஏற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். சாமானில் விரிசல் இருந்தால் முதலில் விரிசலைச் சொல்லுங்கள், அழகை அப்புறம் சொல்லுங்கள் என்றாள். தலை நரைத்தவர்கள் பாதிப்பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெண்கலம் மட்டும் ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பட்டாளம் எட்டிப் பார்த்தார். ராணுவத்தில் இருந்து வந்து ஏலக்கூடம் வைத்தவர் அவர். பரீட்சைக்குப் பிட்டு தயார் பண்ணுகிறீர்களா என்று கேட்டார். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன் என்றாள் அவள்.

மதியம் தட்டை எடுத்துக்கொண்டு நேரே வக்கீலின் மேசைக்குப் போனாள். அவர் பேச்சில் சிக்கனம். அவள் ஏலத்தைப் பற்றிப் பேசாமல், புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கும்போது முதுகு கீழே இருக்கும்படி வைத்தால்தான் தையல் விடாது என்பதைச் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எழுந்து போகும்போது அவளுடைய கார்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் கொடுத்த கார்டுகள் மேசையிலேயே கிடந்தன. அன்று சாயங்காலம் இதை ஒரு வார்த்தை விடாமல் அக்காவிடம் போனில் சொன்னாள். பூட்டு வேண்டாம் போலிருக்கிறது என்றாள் அக்கா.

இரண்டாம் நாள் காலையில் ஒத்திகை ஏலம். ஒவ்வொருவரும் மேடை ஏறி ஒரு சாமானை விற்க வேண்டும். மற்றவர்கள் அட்டையைத் தூக்கிக் கேட்பார்கள். வக்கீல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு வந்தது ஒரு மேசை விளக்கு. அடிப்பாகத்தில் விரிசல் என்பதை முதலில் சொன்னாள். பயிற்சி கொடுத்த பெண் தலையசைத்தாள். ஐந்நூறில் ஆரம்பித்தது, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு. எண்ணூறில் நின்றுவிட்டது.

ஒருவர் கேட்டு, எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாத அந்த இடம் ஏலம் விடுகிறவருக்குப் பெரிய பள்ளம். சத்தம் அடங்கிவிட்டால் கூட்டத்தின் சூடும் ஆறிப்போகும். அவள் கண் தானாகப் பின்பக்கம் போயிற்று. வலது ஓரத் தூணுக்குப் பக்கத்தில் நின்றது. கை நீண்டது.

"அதோ, தூண் பக்கம், தொள்ளாயிரம்."

அவளுடைய கூடத்தில் பின்னால் ஒரு கும்பல் நின்றுகொண்டே இருக்கும். யார் கேட்டார்கள் என்று திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. இங்கே இருந்த அறுபது பேரும் ஏலம் விடுகிறவர்கள். அறுபது தலையும் ஒன்றாகத் திரும்பின. தூண் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அடுக்கி வைத்த நாற்காலிகள் இருந்தன.

"நாற்காலிக்கு நம்பர் கொடுத்தாச்சாம்மா?" என்றார் பட்டாளம். கூடம் முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் சட்டென்று நிறுத்தி, கையில் இருந்த அட்டையைப் பார்த்தார்கள். பயிற்சி கொடுத்த பெண் அவளைக் காப்பாற்ற நினைத்து, எண்ணூறிலிருந்து மறுபடி எடுங்கள் என்றாள். அவள் எண்ணூறுக்கே சுத்தியலைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். வக்கீல் சிரிக்கவில்லை.

தேநீர் வேளையில் அவரே அவளைத் தேடி வந்தார். ஜன்னல் ஓரமாகக் கூட்டிப்போனார். கேட்பதற்குச் சங்கடப்படுவது தெரிந்தது.

"உங்க கூடத்துலயும் இப்படி ஆள் இல்லாமலே விலை எடுப்பீங்களா? இல்ல, இங்க பதட்டத்துல வந்ததா?"

பதட்டம் என்ற வார்த்தையை அவரே எடுத்துக் கையில் கொடுத்திருந்தார். வாங்கிக்கொண்டால் போதும். அவளும் வாயைத் திறந்தாள். மேடையில் நீண்ட கை நினைவுக்கு வந்தது. அது பதறிய கை இல்லை. பதினெட்டு வருடப் பழக்கம் உள்ள, நிதானமான கை. விற்பவர் சொன்ன குறைந்த விலையைத் தொடும்வரைக்கும்தானே என்று முதலில் ஆரம்பித்தது. அப்புறம் அந்தக் கணக்கும் இல்லாமல் போயிற்று. எத்தனை முறை என்று அவளுக்கே தெரியாது. இன்று காலையில் அறுபது பேர் திரும்பிப் பார்த்த பிறகுதான் தனக்கே அது தெரிய வந்த மாதிரி இருந்தது.

"எடுப்பேன் சார்" என்றாள். "பதட்டம் இல்ல. வழக்கம்."

 அவர் தேநீர்க் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"இந்தக் கேள்விய நெறைய பேர்கிட்ட கேட்டிருக்கேன். ஆமான்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். ஆனா வாரிசுங்க மூணு பேருக்கும் நான் பதில் சொல்லணும்மா. தெரிஞ்சே குடுத்தேன்னு ஆகிடக் கூடாது."

சரி சார் என்றாள். அவர் கோப்பையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மதியம் சாப்பாட்டு மேசையில் டாக்டர் வீடு பட்டாளத்துக்கு என்று செய்தி வந்தது. பட்டாளம் எழுந்து நின்று எல்லோரிடமும் கை குலுக்கினார். அவளிடம் வந்தபோது மட்டும் அவருக்குக் கண் நிலைகொள்ளவில்லை. நானும் உங்கள் கட்சிதான், சொல்லித் தொலைக்காமல் இருந்திருக்கலாமே என்று காதோரம் முணுமுணுத்தார். அவள் வாழ்த்துச் சொன்னாள்.

வெளியே போய் அக்காவுக்குப் போன் செய்தாள். டாக்டர் வீடு போய்விட்டது என்பதை முதலில் சொன்னாள். அதை அக்கா தாங்கிக்கொண்டாள். ஏன் போயிற்று என்பதை அடுத்துச் சொன்னாள். அக்கா, உள்ளே கேட்ட போட்டியெல்லாம் நிஜம் என்றுதான் தான் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பிறகு கேட்டாள்:

"அந்தத் தையல்காரருக்குமா பாப்பா?"

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. சென்ற வருடம் ஒரு தையற்கடையைக் காலிசெய்து விற்றார்கள். அங்கே வேலை பார்த்து இறந்துபோன பெண்ணின் கணவர், அவரும் தையல்காரர், மனைவி மிதித்த மிஷினை வாங்க வந்திருந்தார். வேறு எதற்கும் அட்டையைத் தூக்கவில்லை. அந்த மிஷினுக்கு மட்டும் தூக்கிய கையை இறக்கவே இல்லை.

"அவருக்கும்தான்க்கா. நாலு தடவ ஏத்துனேன்."

"ரசீது வாங்கறப்போ எங்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? விடலைங்க, ஜெயிச்சுட்டேன்னார்."

அக்கா போனை வைத்துவிட்டாள். சில நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள். ரெஜிஸ்டரைப் பார்த்துக் கதவு எண், தெரு, பக்கத்தில் இருக்கும் மருந்துக்கடை வரைக்கும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். தங்கை எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டினாள். போய்விட்டு வீட்டுக்கு வா, சாப்பிடாமல் இருக்கிறேன் என்று சொன்னாள் அக்கா.

அன்றே அங்கே போனாள். கடை, வீட்டின் முன்னறைதான். தையல்காரர் ஒரு பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, நீங்கள் ஏலம் விட்ட அம்மா ஆயிற்றே என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மிஷின் ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது. எண்ணெய் போட்டு வைத்திருந்தார். மேலே நூல் ஒன்றும் கோக்கவில்லை. அவள் உட்காரவில்லை. விரிசலை முதலில் சொல்ல வேண்டும்.

"அன்னைக்கு உங்களுக்கு எதிரா யாருமே கேக்கலைங்க. பின்னால ஆள் இருக்கற மாதிரி நானே ஏத்துனேன். உங்க முதல் கேள்விக்கே அது உங்களுக்கு வந்திருக்கணும். வித்தியாசத்தத் திருப்பிக் குடுத்துடறோம்."

அவர் பணத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். மிஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"யாரோ ஒருத்தருக்கு அவ மிஷின் மேல அவ்வளவு ஆசைன்னு நெனச்சேன்மா. அவ தைக்கறதப் பாத்தவங்களா இருக்கும், அவகிட்டத் துணி குடுத்தவங்களா இருக்கும்னு. யாருன்னு தெரிஞ்சா ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டலாம்னு இருந்தேன்."

மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப யாருமே இல்லையா?"

பதினெட்டு வருடம் வெண்கலமாக ஒலித்த குரல். அது இப்போது அந்த முன்னறைக்கு மட்டும் கேட்டது.

"இல்லைங்க" என்றாள். "நீங்க மட்டும்தான் கேட்டீங்க."